திரைக்குப் பின்னால் வாசித்தவர்கள்: வேலையிட நியாயம் பற்றிய செய்திகளைக் கல்லூரி வகுப்பில் பிரித்துப் படிப்பது எப்படி?

மேடையின் குறுக்கே கனத்த திரை ஒன்று தொங்குகிறது. இந்தப் பக்கம் நடுவர்கள். அந்தப் பக்கம், வேலை கேட்டு வந்த இசைக்கலைஞர். நடுவர்களுக்கு வாசிப்பு மட்டுமே கேட்கும்; வாசிப்பவரின் முகமோ பெயரோ தெரியாது. குதிகால் உயர்ந்த காலணியின் சத்தம் ‘வருபவர் பெண்’ என்று காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சில இசைக்குழுக்கள் தரையில் கம்பளமும் விரித்தன. 1970களிலும் 80களிலும் அமெரிக்காவின் பெரிய சிம்பொனி இசைக்குழுக்கள் பலவும் கைக்கொண்ட ஏற்பாடு இது.

வேலையிட நியாயம் என்ற பேச்சை எடுத்தாலே இந்தத் திரை மேற்கோளாக வந்து நிற்கும். “திரை போட்டார்கள், பெண்கள் பெருகினார்கள்” என்பது ஒரு வரி. 2019இல் எதிர்வரி ஒன்று கிளம்பியது: “அந்த ஆய்வில் சாரமே இல்லை.” அலுவலகங்களில் நடக்கும் பாரபட்ச ஒழிப்புப் பயிற்சிகளைப் பற்றியும் இதே இழுபறி நடக்கிறது. ஒரு மாதம் பலன் உண்டு என்கிறார்கள், மறுமாதம் வீண் என்கிறார்கள். இதைப் படிக்கும் கல்லூரி மாணவர் பெரும்பாலும் தனக்குப் பிடித்த வரியை எடுத்துக்கொள்கிறார். இல்லையென்றால் “உளவியலே இப்படித்தான்” என்று இரண்டையும் தள்ளிவிடுகிறார்.

உளவியலை ஒரு வகுப்பிலும், வேலையிட நியாயத்தை இன்னொன்றிலும், ஊடக அறிவை வேறொரு பயிலரங்கிலும் துண்டு துண்டாகக் கற்பிப்பது இந்தக் குழப்பத்துக்குப் பெரிய காரணம். மனிதரைப் பற்றிய ஒரு கூற்று ஆய்வில் பிறக்கிறது; பல்கலைக்கழகத்தின் செய்திக்குறிப்பாகிறது; தலைப்புச் செய்தியாகிறது; கடைசியில் ஓர் அலுவலகத்தின் விதியாகி யாரோ ஒருவரின் வேலையைத் தீர்மானிக்கிறது. ஒருவனுக்குக் காக்கை நிறத்தில் வாந்தி வந்ததாகத் தொடங்கிய பேச்சு, ஊர் எல்லை தாண்டும்போது காக்கையாகவே பறந்த கதை எல்லோருக்கும் தெரியும். எந்தக் கையில் சிறகு முளைத்தது என்று தேடுவதுதான் மூன்று பாடங்களும் சேரும் இடம்.

முதலில் சொற்கள்

நான்கு சொற்களைப் பிரித்துவைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

1. பாரபட்சம் என்பது மனதின் சாய்வு. ஒருவரைப் பார்த்ததும், அவர் செய்த எதையும் எடைபோடுவதற்கு முன்பே, நமக்குள் ஏறியோ இறங்கியோ நிற்கும் மதிப்பீடு.

2. பாகுபாடு என்பது செயல். ஒரே தகுதியுள்ள இருவரில் ஒருவரை அழைத்து மற்றவரை விடுவது. பாரபட்சம் இல்லாமலேகூடப் பாகுபாடு நடக்கும். அமேசான் நிறுவனம் 2014 முதல் உருவாக்கிய ஆள்தேர்வு மென்பொருள் இதற்கு உதாரணம். முந்தைய பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களைக் கொண்டு அதற்குப் பயிற்சி அளித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. விளைவாக, ‘பெண்கள்’ என்ற சொல் இடம்பெற்ற விண்ணப்பங்களுக்கு அது மதிப்பைக் குறைத்தது. திட்டம் கைவிடப்பட்டதை 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. இயந்திரத்துக்கு யார் மீதும் வெறுப்பு கிடையாது. பழைய பழக்கத்தைப் படித்து அப்படியே ஒப்பித்தது, அவ்வளவுதான்.

3. நியாயத்தில் இரண்டு வகை உண்டு. யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பது பங்கீட்டு நியாயம். அதை எந்த முறையில் முடிவு செய்தார்கள், தன் தரப்பைச் சொல்ல ஒருவருக்கு வாய்ப்பு இருந்ததா என்பது நடைமுறை நியாயம். இரண்டையும் ஒன்றாகப் பேசும் விவாதம் எங்கும் போய்ச் சேராது.

4. ஊடக அறிவு என்பது பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் திறமை என்று சுருக்கப்பட்டுவிட்டது. அப்பட்டமான பொய் எளிதில் பிடிபடும். உண்மையான ஆய்வு, உண்மையான எண், அதற்கு மேல் ஏறி உட்கார்ந்த தவறான வாக்கியம்: இதைப் பிடிப்பதுதான் கடினம்.

திரை சொன்னதும் சொல்லாததும்

கிளாடியா கோல்டின், செசிலியா ரவுஸ் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2000ஆம் ஆண்டில் இசைக்குழு ஆய்வை வெளியிட்டார்கள். கோல்டினுக்கு 2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தபோது, அந்தப் பழைய ஆய்வு மீண்டும் செய்திகளில் சுற்றியது.

அவர்கள் எடுத்துக்கொண்ட புதிர் இது. அமெரிக்காவின் முதல் ஐந்து இசைக்குழுக்களில் 1970இல் பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. 1990களின் பிற்பகுதியில் 25 சதவீதம். இடையில் திரை வந்தது. ஆனால் வேறு சிலவும் வந்தன. முன்பெல்லாம் இசைக்குழுவை நடத்துபவரின் மாணவர்களையும் அறிமுகமானவர்களையும் கூப்பிட்டு இடத்தை நிரப்பினார்கள். பிறகு விளம்பரம் கொடுத்து எல்லோரையும் அழைத்தார்கள். இசைப் பள்ளிகளில் படித்து வெளிவரும் பெண்களும் கூடினார்கள். இவற்றில் திரையின் பங்கு எவ்வளவு?

இதற்கு அவர்கள் பிடித்த வழி நேர்த்தியானது. ஒரே கலைஞர் திரை உள்ள தேர்விலும் வாசித்திருக்கிறார், திரை இல்லாத தேர்விலும் வாசித்திருக்கிறார். ஆள் மாறவில்லை, திறமையும் ஏறக்குறைய அதேதான்; மாறியது திரை மட்டும். அப்படிப்பட்டவர்களின் பதிவுகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டார்கள். சில முதற்சுற்றுகளில், திரை இருந்தபோது ஒரு பெண் அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு 50 சதவீதம் கூடியது. இந்த எண் மட்டும் புறப்பட்டு உலகம் சுற்றியது.

கூடவே கட்டுரையில் இருந்து, பயணத்தில் உதிர்ந்துபோனவை:

1. அரையிறுதிச் சுற்றில் முடிவு தலைகீழ். அங்கே திரை இருந்தபோது பெண்கள் பின்தங்கினார்கள். இதை ஆசிரியர்கள் மறைக்கவில்லை. அட்டவணையிலும் உண்டு, உரையிலும் உண்டு.

2. மொத்த உயர்வும் திரையால் வந்ததாக அவர்கள் சொல்லவில்லை. அவர்களுடைய மதிப்பீட்டின்படி, அதிகம் போனால் உயர்வில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் திரையின் கணக்கில் சேரும்.

3. பிழை வரம்பு பெரிது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பிழை வரம்பு என்றால் என்ன? எட்டுப் பேர் தேர்வாகும் இடத்தில் இன்னும் இருவர் தேர்வானாலே 25 சதவீத உயர்வு வந்துவிடும். அந்த இருவரும் அன்று நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவர்களாகக்கூட இருக்கலாம். ஆட்கள் குறையக் குறைய, சதவீதம் பேயாட்டம் போடும்.

2019இல் எழுந்த விமர்சனம் பெரும்பாலும் இந்த மூன்றாவது புள்ளியைப் பிடித்துக்கொண்டது. அது நியாயமான விமர்சனம். ஆனால் “ஆய்வு உறுதியான எண்ணைத் தரவில்லை” என்பது “திரையால் பயனில்லை” என்று மாறியது இன்னொரு காக்கை. முகத்தைப் பார்க்காமல் மதிப்பிட்டால் முகத்தால் வரும் சாய்வு நுழைய வழியில்லை என்ற தர்க்கம் அப்படியே இருக்கிறது. எவ்வளவு பயன் என்ற எண் மட்டும் தளர்வாக இருக்கிறது. ஒரு மாணவரால் இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒருசேரக் கையில் வைத்துக்கொள்ள முடிந்தால், அந்தப் பருவத்துக்கு அது போதும்.

50 சதவீதமா, 3 புள்ளியா?

மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. பாஸ்டன், சிகாகோ நகரங்களின் செய்தித்தாள்களில் வந்த 1,300க்கும் மேற்பட்ட வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர்களைக் குலுக்கல் முறையில் ஒட்டினார்கள். சில விண்ணப்பங்களில் வெள்ளையர்களிடையே பரவலான எமிலி, கிரெக் போன்ற பெயர்கள்; மற்றவற்றில் கறுப்பினத்தவரிடையே பரவலான லக்கீஷா, ஜமால் போன்ற பெயர்கள்.

முதல் வகைக்கு 9.65 சதவீதம் அழைப்பு வந்தது. இரண்டாம் வகைக்கு 6.45 சதவீதம்.

இதை எப்படிச் சொல்வது? “50 சதவீதம் அதிகம்” என்றால் சரி. “சுமார் 3 சதவீதப் புள்ளி அதிகம்” என்றாலும் சரி. முதலாவது ஒப்பீட்டு வேறுபாடு, இரண்டாவது நேரடி வேறுபாடு. பரபரப்பு வேண்டியவர் முன்னதை எடுப்பார், சிறுமைப்படுத்த வேண்டியவர் பின்னதை எடுப்பார். இரண்டையும்விட நன்றாகப் புரியவைப்பது மூன்றாவது வடிவம்: ஓர் அழைப்பு வர ஒருவர் சுமார் 10 விண்ணப்பம் அனுப்ப வேண்டும், மற்றவர் 15 அனுப்ப வேண்டும். கூடுதல் ஐந்து விண்ணப்பம், அதற்கான நாட்கள், அந்த நாட்களின் சோர்வு எல்லாம் இதில் அடங்கிவிடுகின்றன.

எண்ணைச் சொல்லும் விதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேலையிடத்துக்கு வெளியே ஒரு சம்பவம். 1995 அக்டோபரில் பிரிட்டனில் ஒருவகைக் கருத்தடை மாத்திரை இரத்தக் கட்டி அபாயத்தை ‘இருமடங்காக்கும்’ என்று அரசுக் குழு எச்சரித்தது. அச்செய்தி ஊடகங்களில் நிரம்பியது. உண்மையில் அபாயம் 7,000 பேருக்கு ஒருவர் என்பதிலிருந்து இருவர் என்று ஆகியிருந்தது. பயந்துபோன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்பட்டது. ‘இருமடங்கு’ என்ற சொல்லில் பொய் எதுவும் இல்லை.

பெயர் ஆய்வுக்குப் பின்கதை ஒன்றும் உண்டு. 2022இல் வெளியான, 83,000 விண்ணப்பங்களை அமெரிக்காவின் 108 பெரிய நிறுவனங்களுக்கு அனுப்பிய ஆய்வில் இடைவெளி சுமார் 2 சதவீதப் புள்ளி. அதைவிட முக்கியம், அந்த இடைவெளி எல்லா நிறுவனங்களிலும் சமமாகப் பரவியிருக்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்கள் மட்டுமே ஏறக்குறைய பாதிப் பாகுபாட்டுக்குக் காரணமாக இருந்தன. “சமூகமே இப்படி” என்று பொதுவாகப் புலம்புவதற்கும் “இந்த வாசலில் கோளாறு இருக்கிறது” என்று சுட்டுவதற்கும் உள்ள தூரம் அது.

கூட்டினால் ஒன்று, பிரித்தால் வேறொன்று

கலிபோர்னியாவின் பர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973ஆம் ஆண்டு முதுநிலைப் படிப்புகளுக்கு 8,442 ஆண்களும் 4,321 பெண்களும் விண்ணப்பித்தார்கள். ஆண்களில் சுமார் 44 சதவீதத்தினருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் 35 சதவீதத்தினருக்குத்தான். பட்டவர்த்தனமான பாகுபாடு என்றுதான் தோன்றும். துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பெரும்பாலான துறைகளில் அப்படி எதுவும் தென்படவில்லை. பெண்களுக்குச் சற்றே சாதகமான நிலைகூட இருந்தது. 1975இல் வெளியான இந்தப் பகுப்பாய்வு இன்றும் புள்ளியியல் வகுப்புகளில் பேசப்படுகிறது.

கேட்டால் நம்ப முடியாது. கணக்குப் போட்டால் நம்பித்தான் ஆக வேண்டும். ஒரு கற்பனைக் கல்லூரி, இரண்டு துறைகள்:

1. முதல் துறை தாராளமானது. 80 ஆண்கள் விண்ணப்பித்து 48 பேருக்கு இடம் (60 சதவீதம்). 20 பெண்கள் விண்ணப்பித்து 13 பேருக்கு இடம் (65 சதவீதம்).

2. இரண்டாம் துறை கெடுபிடியானது. 20 ஆண்களில் 4 பேருக்கு இடம் (20 சதவீதம்). 80 பெண்களில் 20 பேருக்கு இடம் (25 சதவீதம்).

இரண்டு துறையிலும் பெண்களே முன்னே. இப்போது கூட்டுங்கள்: 100 ஆண்களில் 52, 100 பெண்களில் 33. இடம் குறைவாக உள்ள துறையில் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்ததுதான் இந்த மாயத்தின் அடி.

பல கட்டுரைகள் “ஆகவே பாகுபாடு இல்லை” என்று இங்கே நிறுத்திவிடும். அது அரைகுறை. பெண்கள் ஏன் இடம் குறைந்த துறைகளுக்குப் போனார்கள்? பள்ளிக் காலத்திலேயே கணிதத்திலிருந்து விலக்கப்பட்டார்களா? எந்தத் துறைக்கு அதிக இடம் என்று தீர்மானித்தது யார்? பிரித்துப் பார்த்தபோது கேள்வி சேர்க்கைக் குழுவிலிருந்து நகர்ந்து அதற்கு முந்தைய வாசல்களுக்குப் போனது. ஊதிய இடைவெளி பற்றிய செய்திகளிலும் இதே கதைதான். ஒரே வேலை, ஒரே அனுபவம் என்று சரிசெய்து ஒப்பிட்டால் இடைவெளி சுருங்கும். சுருங்கியது பொய்யும் அல்ல, சுருங்குவதற்கு முந்தைய எண் பொய்யும் அல்ல. உயர்பதவிக்கு யார் போகிறார் என்பதையே சரிசெய்து கழித்துவிட்டு, உயர்பதவியில் பாகுபாடு இல்லை என்று முடிவுகட்டுவதுதான் பிசகு.

சோதனையிலிருந்து பயிற்சிக்கு ஒரே தாவல்

1998இல் அந்தோணி கிரீன்வால்டும் இரு சக ஆய்வாளர்களும் மறைமுகத் தொடர்புச் சோதனையை வெளியிட்டார்கள். கணினித் திரையில் முகங்களும் சொற்களும் மாறி மாறி வரும். இரண்டு விசைகளில் ஒன்றை அழுத்தி வகைப்படுத்த வேண்டும். ‘ஒரு குழுவின் முகம், நல்ல சொல்’ இரண்டுக்கும் ஒரே விசை என்றபோது விரல் வேகமாகவும், விசையை மாற்றியபோது மெதுவாகவும் போனால், அந்த மில்லிநொடி வித்தியாசத்தை மனதின் தொடர்பாகக் கணக்கிடுவார்கள்.

புத்திசாலித்தனமான கருவி. சிக்கல் அதன் மேல் ஏற்றிய சுமையில். அதே ஆள் சில வாரம் கழித்து எடுத்தால் மதிப்பெண் கணிசமாக மாறுகிறது. தனிமனிதர் அலுவலகத்தில் எப்படி நடப்பார் என்று கணிக்க அது பலவீனமான அளவுகோல். 492 ஆய்வுகளைத் திரட்டி 2019இல் வெளியான தொகுப்பாய்வு, மதிப்பெண்ணைச் சிறிதளவு மாற்ற முடிந்தாலும் அந்த மாற்றம் நடத்தை மாற்றமாக ஆவதற்குச் சான்று இல்லை என்றது.

இதற்கிடையில் பயிற்சிகள் பெருகிவிட்டன. 2018இல் பிலடெல்பியாவில் ஸ்டார்பக்ஸ் கடை ஒன்றில் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்கள் கைது செய்யப்பட்டதையடுத்து, அந்நிறுவனம் மே 29 அன்று பிற்பகலில் அமெரிக்காவில் 8,000க்கும் மேற்பட்ட கடைகளை மூடி ஊழியர்களுக்குப் பாரபட்சப் பயிற்சி நடத்தியது. மன்னிப்பின் அடையாளமாக அதற்கு மதிப்பு உண்டு. ஒரு பிற்பகல் பயிற்சி நடத்தையை மாற்றிவிடும் என்பதற்கு ஆய்வு ஆதரவு மெலிது.

எது வேலை செய்கிறது? 1971 முதல் 2002 வரை 708 தனியார் நிறுவனங்களின் தரவை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, மேலாளர்களின் மனதை மாற்ற முயலும் பயிற்சி குறைவான பலனையே தந்தது என்றும், இதற்கு இன்னார் பொறுப்பு என்று பெயர் குறித்து ஒப்படைத்த நிறுவனங்களில் மாற்றம் அதிகம் என்றும் கண்டது. இசைக்குழுக்களும் நடுவர்களின் மனதைத் திருத்த முற்படவில்லை. துணி வாங்கித் தொங்கவிட்டார்கள்.

ஒன்றரை மணி நேர விளக்கம்

நடைமுறை நியாயத்தின் பலத்தைக் காட்டும் ஆய்வு 1990இல் ஜெரால்ட் கிரீன்பெர்க் வெளியிட்டது. ஒரு நிறுவனம் தன் ஆலைகளில் பத்து வாரங்களுக்கு 15 சதவீத ஊதியக் குறைப்பு செய்தது. ஓர் ஆலையில் நிறுவனத் தலைவரே வந்து சுமார் 90 நிமிடம் பேசினார். வருத்தம் தெரிவித்தார், கணக்குகளைக் காட்டினார், கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இன்னோர் ஆலையில் 15 நிமிடத்தில் அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவது ஆலையில் ஊதியம் குறைக்கப்படவில்லை.

ஊதியம் குறைந்த இரண்டு ஆலைகளிலும் பொருட்கள் திருட்டுப் போவது கூடியது. 15 நிமிட ஆலையில் அது மிகவும் அதிகம்; 90 நிமிட ஆலையில் அதைவிடக் கணிசமாகக் குறைவு. ஊதிய வெட்டு இரண்டு இடத்திலும் ஒன்றேதான்.

இந்த ஆய்வைப் படிக்கும் மாணவர்கள் சிலர் உடனே கேட்பார்கள்: “அப்படியானால் இனிமையாகப் பேசியே ஊதியத்தைக் குறைக்கலாம் என்று முதலாளிக்குச் சொல்லிக்கொடுக்கிறதா இது?” சரியான கேள்வி. நடைமுறை நியாயம் பங்கீட்டு அநியாயத்துக்கு மூடுதிரையாகவும் ஆகலாம். பாடநூல் இதைத் தொடாவிட்டால் ஆசிரியர் தொட வேண்டும்.

செய்தித்தாளிலிருந்து பாடநூலுக்கு

தவறு எப்போதும் ஆய்விலிருந்து ஊடகத்துக்குத்தான் பாயும் என்றில்லை. 1964 மார்ச் 13 அன்று நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் கொலை செய்யப்பட்டார். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ், கொலையைப் பார்த்த 37 பேர் போலீஸைக் கூப்பிடவில்லை என்று தலைப்பிட்டது. செய்தியின் உடலில் 38 பேர். தலைப்புக்கும் உடலுக்குமே எண் ஒத்துவரவில்லை. ஆனாலும் 38 என்பது உளவியல் பாடநூல்களில் கல்வெட்டாகிவிட்டது.

பின்னாளில் நீதிமன்ற ஆவணங்களைப் பார்த்தவர்கள் வேறு சித்திரத்தைக் கண்டார்கள். தாக்குதல் இரண்டு கட்டமாக நடந்தது. இரண்டாவது கட்டம் கட்டடத்தின் உட்புறம், பெரும்பாலோர் பார்க்க முடியாத இடத்தில். பலர் பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டார்கள். அவசர உதவிக்கான ஒரே எண் அமெரிக்காவில் அப்போது இல்லை; 911 வந்தது 1968இல். ஓர் அண்டைவீட்டுப் பெண் ஓடிவந்து, இறந்துகொண்டிருந்தவரை மடியில் தாங்கியிருந்தார். 2007இல் பிரிட்டிஷ் உளவியலாளர்கள் மூவர் இந்தப் பாடநூல் கதையைக் கேள்விக்குள்ளாக்கினார்கள். 2016இல் நியூயார்க் டைம்ஸே தன் பழைய செய்தி பிழையானது என்று எழுதியது.

அப்படியானால் அந்தச் செய்தியால் தூண்டப்பட்ட ஜான் டார்லி, பிப் லாடானே இருவரின் 1968 பரிசோதனையும் வீணா? இல்லை. அதில், அறைகளை இணைக்கும் ஒலித்தொடர்புக் கருவி வழியே ஒருவருக்கு வலிப்பு வருவதைக் கேட்ட மாணவர்களில், கேட்பது தான் மட்டுமே என்று நினைத்தவர்கள் 85 சதவீதம் பேர் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்கள் 31 சதவீதம்தான். கதை பொய்த்தாலும் பரிசோதனை தன் காலில் நிற்கிறது. பிரிட்டன், நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா நகரங்களின் 219 தெருச்சண்டைக் காட்சிகளைக் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளில் ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவர் தலையிட்டிருந்தார். இதுவும் முந்தையதை மறுக்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழும் வாய்ப்பு குறையலாம். கூட்டம் பெரிதாக இருப்பதால் யாரோ ஒருவர் எழும் வாய்ப்பு கூடவும் செய்யலாம்.

மிகை எங்கே தொடங்குகிறது?

பத்திரிகையாளரைத் திட்டுவது சுலபம். பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, உடல்நலம் தொடர்பான அந்தக் குறிப்புகளில் 40 சதவீதத்தில் அறிவுரையும், 33 சதவீதத்தில் காரண-காரியக் கூற்றும் மூலக் கட்டுரையைவிட மிகைப்படுத்தப்பட்டிருந்ததாகக் கண்டது. குறிப்பு மிகையாக இருந்தால் செய்தியும் மிகையாக இருந்தது. சிறகு பல வேளைகளில் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே முளைக்கிறது.

அதற்கும் முன்னால் ஆய்வின் உறுதி பற்றிய கேள்வி இருக்கிறது. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் ரீதியாகத் தேறியவை, அதாவது முடிவு வெறும் தற்செயல் அல்ல என்று கருதத்தக்கவை. மறுமுயற்சியில் 36 சதவீதம்தான் தேறின. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் யார் என்பதும் கேள்விதான். அமெரிக்காவின் முன்னணி ஆறு உளவியல் இதழ்களைக் கணக்கெடுத்து 2008இல் வெளியான கட்டுரையின் தரவுப்படி, ஆய்வில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர் உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களிலும் பலர் உளவியல் படிக்கும் இளநிலை மாணவர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மை. பானை ஒன்றாக இருக்கும்வரை.

படித்தவர்கள் ஏன் சறுக்குகிறார்கள்?

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 45 பேரைக் கணினி முன் உட்காரவைத்தார்கள்: முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் 10, தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் 10, இளநிலை மாணவர்கள் 25. ஏறக்குறைய ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் இணையதளங்களைக் காட்டி, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட பழைய தொழில்சார் அமைப்பு. மற்றது கருத்து வேறுபாட்டால் அதிலிருந்து 2002இல் பிரிந்த சிறு குழு.

மாணவர்களில் பெரும்பாலோர் சறுக்கினார்கள். வரலாற்றாசிரியர்கள் பலரும் தடுமாறினார்கள். அவர்கள் செய்த தவறு, கவனமாகப் படித்தது. ஒரே பக்கத்தில் தங்கி, வடிவமைப்பையும் அடிக்குறிப்புகளையும் மேலிருந்து கீழாக எடைபோட்டார்கள். சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இதற்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர். கற்றுக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். இதைக் கல்லூரிகள் இன்னும் விருந்தினர் சொற்பொழிவாக வைத்திருப்பது வியப்புதான்.

கூடவே இரண்டு உளவியல் உண்மைகள். திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று உண்மைபோல் தோன்றும் என்று 1977இலேயே காட்டப்பட்டது. விடை தெரிந்தவர்களும் இதற்குத் தப்புவதில்லை என்று 2015இல் தெரிந்தது. பாரபட்சங்களின் பட்டியலைப் படித்தவர், அவற்றைத் தன்னிடம் காண்பதைவிடப் பிறரிடம் எளிதாகக் காண்கிறார் என்பது 2002இல் பதிவானது. ஆகவே பட்டியலை மனப்பாடம் செய்யவைக்கும் உளவியல் வகுப்பு, எதிராளியைக் குற்றம்சாட்டப் புதிய சொற்களைத் தருவதோடு நின்றுவிடும் ஆபத்து உண்டு.

வகுப்பில் என்ன செய்யலாம்?

மாணவர்கள் மூவர் அல்லது நால்வர் கொண்ட ஆள்தேர்வுக் குழுவாக அமரட்டும். அவர்கள் முன் ஒரு தலைப்புச் செய்தி, ஒரு முடிவு: “நம் நிறுவனம் விண்ணப்பங்களில் பெயரை மறைக்கலாமா?” கற்பனை நிறுவனம் போதும். வேலை வரிசை இப்படி இருக்கலாம்:

1. செய்தியிலிருந்து செய்திக்குறிப்புக்கும், அங்கிருந்து மூலக் கட்டுரைக்கும் பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு படியிலும் வினைச்சொல்லை மட்டும் எழுதுவது. ‘தொடர்புடையது’ எந்தப் படியில் ‘காரணமாகிறது’ ஆயிற்று?

2. ஒரே எண்ணை மூன்று வடிவில் எழுதுவது: ஒப்பீட்டு வேறுபாடு, நேரடி வேறுபாடு, ஆள்கணக்கு.

3. எத்தனை பேர், யார், எங்கே என்று பார்ப்பது. பிறகு, இதே கேள்வியை வேறு யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று பக்கவாட்டில் தேடுவது.

4. முடிவெடுப்பது. “இன்னும் ஆய்வு தேவை” என்று நழுவ அனுமதி இல்லை. இருக்கும் சான்றைக் கொண்டு இன்று என்ன விதி, எந்தத் தரவு வந்தால் அதை மாற்றுவோம் என்று இரண்டையும் எழுத வேண்டும்.

நான்காவது படியை விட்டுவிட்டால் பயிற்சி முழுதும் சந்தேகப் பயிற்சியாக முடியும். 2020இல் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் நடந்த ஆய்வில், செய்தியைச் சோதிக்கும் குறிப்புகளைப் படித்தவர்கள் பொய்ச் செய்தியைப் பிரித்தறிவதில் முன்னேறினார்கள். ஆனால் அமெரிக்காவில் உண்மைச் செய்தி மீதான நம்பிக்கையும் சிறிது குறைந்தது. இந்தியாவின் கிராமப்புற மாதிரியில் குறிப்புகள் பலனே தரவில்லை. ஐயத்தைக் கூட்டுவது எளிது. எதை நம்பலாம் என்று சொல்லித்தருவதற்குத்தான் நேரம் பிடிக்கும்.

இத்தகைய வகுப்பில் மாணவர்கள் முணுமுணுப்பார்கள் என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான பகுப்பாய்வில், அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் விரிவுரை மட்டும் கேட்டவர்களில் சுமார் 34 சதவீதம் பேர் தோற்றார்கள். தாங்களே செய்து கற்றவர்களில் 22 சதவீதம். ஹார்வர்டின் இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான இன்னோர் ஆய்வு ஒரு முரணைக் காட்டியது: செய்து கற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். வழவழப்பான விரிவுரை கேட்டவர்கள் எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்தார்கள். அந்த ஆய்வையே முதல் நாள் வகுப்பில் கையில் கொடுத்து, மேலே சொன்ன நான்கு படிகளிலும் அதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். அதில் பங்கேற்றவர்களும் ஒரே பல்கலைக்கழகத்தின் மாணவர்கள்தான் என்று யாராவது ஒருவர் கையைத் தூக்குவார்.